ஒரே நாளில் வெனிஸ்: குடும்பத்துக்கு மட்டும் கைடு வைத்துப் பார்த்துவர ஒரு வழிகாட்டி

மிலான், வெரோனா, பொலோனா, ஃப்ளோரன்ஸ் ஆகிய ஊர்களில் எங்காவது தங்கியிருப்பீர்கள். காலையில் கிளம்பி வெனிஸைப் பார்த்துவிட்டு இரவுக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும். கூடவே வயதான அப்பா அம்மாவோ சின்னக் குழந்தைகளோ இருக்கிறார்கள். கொடி பிடித்தவர் பின்னால் இருபத்தைந்து பேரோடு ஓட முடியாது, உங்கள் வேகத்துக்கு நடந்து விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெற்றோரை மிலானிலிருந்து இப்படி அழைத்துப் போனேன். போய்வந்தது இனிமையாக இருந்தது. ஏற்பாடு செய்வதுதான் பெரும்பாடு. ஒரு தகவல் மாநகராட்சித் தளத்தில், இன்னொன்று ரயில் தளத்தில், மற்றொன்று அருங்காட்சியகத் தளத்தில் என்று சிதறிக் கிடக்க, பல இரவுகள் அதைச் சேர்ப்பதிலேயே போயின.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 'பிரைவேட் டே டிரிப்' என்று ஒரே பேக்கேஜாக விற்பது உண்மையில் நான்கு தனித்தனிச் சமாச்சாரம்: ரயில், ஊருக்குள் நுழையும் கட்டணம், கைடின் நேரம், டோஜே (பழைய வெனிஸ் குடியரசின் தலைவர்) அரண்மனை மற்றும் சான் மார்க்கோ பேராலய டிக்கெட். நான்கையும் நீங்களே தனித்தனியாக வாங்கலாம். ஆனால் வரிசை முக்கியம். கைடின் நேரத்தை முதலில் உறுதி செய்யுங்கள், மற்ற மூன்றும் அதைச் சுற்றி அமையட்டும். ரயில் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கைடு தேடினால், அவருக்கு ஒழிந்த நேரமும் உங்கள் ரயில் நேரமும் ஒத்துவராது. மலிவு டிக்கெட்டை மாற்றவும் முடியாது.

இங்கே சொல்லும் விலைகள் நான் ஏற்பாடு செய்த சமயத்தில் இருந்தவை. பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. விசா கைக்கு வரும்வரை திரும்பப் பெற முடியாத எதையும் வாங்காதீர்கள்

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள்வரை விசா தேவையில்லை. விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முடிந்து 12 ஆகாத பிள்ளைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையம் வாங்கும் சேவைக் கட்டணம் இதற்கு மேல். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்லப் பொதுவாக 15 நாள் என்றாலும் 45 நாள்வரை இழுக்க விதியில் இடமிருக்கிறது. கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் அந்த 45 நாளை வைத்தே கணக்குப் போடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

வெனிஸ் ஒருநாள் பயணத்துக்கான ரசீதை விசாவுக்குக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. தங்குமிடமும் விமானமும் பயணத் திட்டமும் போதும். அதனால் விசா வருவதற்கு முன் பணத்தை முடக்காதீர்கள். கைடுக்கு மட்டும் முன்னதாகவே எழுதிக் கேட்டுத் தேதியைப் பிடித்து வைக்கலாம். பலர் சில நாள் முன்புவரை ரத்து செய்ய அனுமதிக்கிறார்கள்.

2. செவ்வாய், புதன், வியாழன்: இந்த மூன்றில் ஒரு நாள்

இதைச் சொல்லக் காரணங்கள் உண்டு. ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் சான் மார்க்கோ பேராலயத்துக்குள் பார்வையாளர்களை மதியம் 2 மணிக்குப் பிறகுதான் விடுவார்கள். ரியால்டோ மீன் சந்தைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. வெள்ளி முதல் ஞாயிறுவரை கூட்டம் அதிகம், வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அந்த நாட்களுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. வார நடுவில் போனால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை.

மாதம் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஏப்ரல் நடுப்பகுதி, மே, செப்டம்பர் கடைசி. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் ஈரப்பதமும் முதியவர்களை வாட்டிவிடும்.

3. கார் வேண்டாம்

மிலானிலிருந்து ஓட்டுநரோடு தனிக் கார் என்று பேக்கேஜ் தருவார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் வெனிஸில் கார், லிபெர்த்தா பாலத்தைத் தாண்டியதும் பியாட்சாலே ரோமா என்ற திடலோடு நின்றுவிடும். அதற்கு மேல் எல்லாரும் கால்நடையாகவோ படகிலோதான் போக வேண்டும். ரயிலோ அதே இடத்துக்குப் பக்கத்தில், பெருங்கால்வாயின் கரையிலேயே இறக்கிவிடும். மிலானிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் காரில் போக மூன்று மணி நேரமாவது ஆகும், ரயிலில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. காருக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னும் சில மணி நேரம் கைடை வைத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. எங்களுக்கு ஒரு ஏஜென்சி அனுப்பிய விலைப்பட்டியலில் 'டிரைவர் கம் கைடு' என்று இருந்தது. விசாரித்தபோதுதான், அவர் காரில் வரும்போது பேசுவாரே தவிர அரண்மனைக்குள்ளோ பேராலயத்துக்குள்ளோ விளக்கிச் சொல்ல உரிமம் இல்லாதவர் என்று தெரிந்தது. இத்தாலியில் உரிமம் இல்லாமல் கைடு வேலை செய்வது சட்டவிரோதம். நீங்கள் கட்டிய பணத்துக்கு நீங்கள் எதிர்பார்த்தது கிடைக்காது.

4. கைடைப் பிடிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நாள் நல்ல நாளாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் இந்த ஒரு ஆளைப் பொறுத்தது.

தேட வேண்டிய சொல் 'குயிதா துரிஸ்திகா அபிலிதாத்தா'. தேர்வெழுதி உரிமம் பெற்ற கைடு என்று பொருள். 'அக்கொம்பஞ்ஞத்தோரே' என்று போட்டிருந்தால் அவர் குழுவோடு கூட வருபவர், விளக்கம் சொல்லும் உரிமம் வேறு. 2023 டிசம்பரில் வந்த 190-ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு உரிமம் நாடு முழுவதற்கும் பொது. அதனால் உரிமம் இருக்கிறதா என்பதோடு, வெனிஸில் எவ்வளவு காலமாக வேலை செய்கிறார் என்றும் கேளுங்கள். ஊருக்குள்ளேயே வசிப்பவராக இருந்தால் கூடுதல் நல்லது. எந்தச் சந்தில் கூட்டம் இருக்காது, எந்தப் பாலத்தில் படி குறைவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. உரிம அட்டையை வேலை நேரத்தில் காட்ட அவர்கள் கடமைப்பட்டவர்கள், கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

தமிழில் பேசும் கைடை எதிர்பார்க்காமல் ஆங்கிலத்துக்கே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கைடு சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இதற்கும் நேரம் பிடிக்கும் என்று கைடிடம் முன்பே எழுதிவிட்டதால், சொல்வதைச் சுருக்கி, இடையில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

கட்டணம் மணிக்கணக்கில், குழுவுக்கு மொத்தமாக. எனக்கு வந்த பதில்களில் மணிக்கு 80 முதல் 110 யூரோ வரை கேட்டார்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் என்ற நிபந்தனை பொதுவாக உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னால் அது தனிப் பயணம்தானா, அல்லது வேறு ஆட்களோடு சேர்க்கும் குழுவா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். 'செமி பிரைவேட்' என்ற சொல்லைக் கண்டால் உஷார். நான்கு பேரானாலும் ஆறு பேரானாலும் ஒரே கட்டணம் என்பதால், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போனால் சுமை பாதியாகும்.

முதியவர்களோடு போகிறவர்களுக்கு மூன்று மணி நேரம் போதும். முழு நாளும் கைடு வேண்டும் என்று தோன்றும், வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் யார் சொன்னாலும் காதில் ஏறாது. அதற்குப் பிறகு கால்போன போக்கில் சுற்றுவதில்தான் இந்த ஊரின் சுகமே இருக்கிறது.

உறுதி செய்யும் மின்னஞ்சலில் கீழ்க்கண்டவை எழுத்தில் இருக்க வேண்டும்:

- தேதி, தொடங்கும் நேரம், எத்தனை மணி நேரம், எந்த மொழி
- மொத்தத் தொகை, வரி உட்பட என்ற சொல்லோடு
- எந்தெந்த டிக்கெட்டை அவர் வாங்குகிறார், எதை நீங்கள் வாங்க வேண்டும்
- ரத்து செய்தாலோ ரயில் தாமதமானாலோ என்ன ஏற்பாடு
- கைடின் கைபேசி எண், சந்திக்கும் இடம்

சந்திக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. வெனிஸில் வீட்டு எண்கள் தெரு வாரியாக இல்லை, வட்டாரம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடும். ஒரே பெயரில் பல சந்துகள் உண்டு. எண்ணை மட்டும் நம்பித் தேடினால் அலைச்சல்தான். சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தின் முன்படிக்கட்டிலேயே சந்திக்கச் சொல்லுங்கள். முதியவர்களோடு போகும்போது இதைவிட நல்ல இடம் இல்லை. சில கைடுகள் சான் மார்க்கோ சதுக்கத்துக்கு வரச் சொல்வார்கள். அதை ஏற்றுக்கொண்டால் நிலையத்திலிருந்து அங்கே போக முக்கால் மணி நேரம் கணக்கில் சேருங்கள்.

5. நுழைவுக் கட்டணமும் க்யூஆர் கோடும்

வெனிஸில் இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் குறிப்பிட்ட சில நாட்களில் மாநகராட்சி கட்டணம் வாங்குகிறது. 2024-ல் 29 நாட்களுக்குத் தொடங்கி, 2025-ல் ஏப்ரல் 18 முதல் ஜூலை 27-க்குள் 54 நாட்களாக ஆக்கினார்கள். எந்தெந்த நாள் என்ற பட்டியல் ஒவ்வோராண்டும் மாறும். மாநகராட்சித் தளத்தின் காலண்டரில் உங்கள் தேதியைப் பாருங்கள். வசூல் நேரம் காலை 8.30 முதல் மாலை 4 மணிவரை.

நான்கு நாளோ அதற்கு மேலோ முன்னதாகக் கட்டினால் ஆளுக்கு 5 யூரோ, கடைசி மூன்று நாட்களில் கட்டினால் 10 யூரோ. 14 வயது நிரம்பாதவர்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டியதும் க்யூஆர் கோடு வரும், ரயில் நிலைய வாசலிலேயே நின்று கேட்பார்கள். கையில் இல்லாவிட்டால் 50 முதல் 300 யூரோவரை அபராதம்.

பலர் தடுமாறும் இடங்கள் இரண்டு. வெரோனாவில் தங்குபவர்கள், வெனிஸ் இருக்கும் அதே வெனெத்தோ மாநிலம்தானே, நமக்குக் கட்டணம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த விலக்கு அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான், ஹோட்டலில் தங்கும் பயணிகளுக்கு இல்லை. மாறாக, தரைப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு, ஏனென்றால் மெஸ்த்ரே வெனிஸ் மாநகராட்சிக்குள் வருகிறது. ஆனால் விலக்குக்கும் அதே தளத்தில் பதிவு செய்து கோடு எடுத்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. தேடுபொறியில் முதலில் வரும் தளங்கள் சில, இதே கட்டணத்தைச் சேவைக் கட்டணம் சேர்த்து விற்கின்றன. மாநகராட்சியின் சொந்தத் தளத்தில்தான் கட்டுகிறோமா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள். கோடுகளைக் கைபேசியில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள், குடும்பத்தில் இன்னொருவர் கைபேசியிலும் இருக்கட்டும்.

6. ரயில்: மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள்

அதிவேக ரயில் ஓட்டுபவர்கள் இருவர்: ஃப்ரெச்சாரோசா ஓட்டும் ட்ரெனிதாலியா, தனியார் நிறுவனமான இதாலோ. மிலான் சென்ட்ராலேயிலிருந்து சுமார் 2 மணி 25 நிமிடம். வெரோனாவிலிருந்து ஒரு மணி பத்து நிமிட அளவில், பொலோனாவிலிருந்து ஒன்றரை மணி நேரம், ஃப்ளோரன்ஸிலிருந்து இரண்டே கால் மணி நேரத்துக்குள். சில மாதங்களுக்கு முன்பே விற்பனை திறந்துவிடும், சீக்கிரம் வாங்கினால் கணிசமாகக் குறைவு. மிலானிலிருந்து போய்வர ஆளுக்கு 60 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் அது 90-ஐத் தாண்டலாம்.

டிக்கெட்டில் சேருமிடம் 'வெனேசியா சாந்தா லூச்சியா' என்று இருக்க வேண்டும். 'வெனேசியா மெஸ்த்ரே' என்பது தரைப்பகுதியில் பத்து நிமிடம் முன்னால் வரும் நிலையம். வெனேசியா என்ற பெயரைப் பார்த்ததும் அங்கேயே பலர் இறங்கிவிடுகிறார்கள். ரயில் தண்ணீரின் மேல் நீண்ட பாலத்தில் ஓடி முடித்த பிறகு வருவதுதான் உங்கள் நிலையம்.

போகும் பயணத்துக்கு மலிவு டிக்கெட் போதும். திரும்பும் பயணத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். அன்றைய கடைசி ரயிலை நம்பாதீர்கள், அதற்கு முந்தையதை எடுங்கள்.

வெரோனாவிலிருந்து மலிவான வட்டார ரயிலில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கைபேசி டிக்கெட் என்றால் அதில் செக்-இன் செய்ய வேண்டும். இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்தால், டிக்கெட் இருந்தும் அபராதம்.

7. அரண்மனை, பேராலய டிக்கெட்

டோஜே அரண்மனைக்கு 30 யூரோ. முப்பது நாள் முன்பே இணையத்தில் வாங்கினால் 25 யூரோ. 65 வயது தாண்டியவர்களுக்கும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறையப் பாதிதான். வயதைக் காட்ட அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். உரிமம் பெற்ற கைடுக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. இதே டிக்கெட்டில் சதுக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் உள்ள கொர்ரேர் அருங்காட்சியகமும் அடக்கம். ஒரே நாளில் அதையும் திணிக்க வேண்டாம் என்பேன்.

சான் மார்க்கோ பேராலயத்துக்கும் அதன் சொந்தத் தளத்தில் நேரம் குறித்து டிக்கெட் எடுங்கள். ஆளுக்குப் பத்து யூரோ ஒதுக்கிவைத்தால் போதும். டிக்கெட் இல்லாமல் போனால் வெயிலில் நீண்ட வரிசை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார், வேட்டி எதுவும் பிரச்சினை இல்லை. பிள்ளைகளின் அரைக்கால் சட்டையைத்தான் கவனிக்க வேண்டும். முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள், தோளில் மாட்டும் சின்னப் பை கொண்டுபோங்கள். மேல்தளத்து அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். வெண்கலக் குதிரைகளின் அசல் அங்கேதான் இருக்கிறது. படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம்.

கைடின் மூன்று மணி நேரத்தில் எதை அவரோடு பார்ப்பது, எதைத் தனியாகப் பார்ப்பது? அரண்மனையைக் கைடோடு பாருங்கள். பழைய வெனிஸ் குடியரசு எப்படி ஆண்டது, டோஜேயைச் சுற்றி எத்தனை சபைகள் இருந்தன, பெருமூச்சுப் பாலம் எங்கே போகிறது என்று யாராவது சொன்னால்தான் அந்தக் கூடங்களுக்கு உயிர் வரும். இல்லாவிட்டால் பெரிய பெரிய ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பதுதான் மிச்சம். பேராலயத்தின் பொன் மொசைக்குகளோ தாமாகவே பேசும்.

8. ஊருக்குள் படகு

வபோரெத்தோ என்பதுதான் அங்கே டவுன் பஸ். ஒருமுறை டிக்கெட் 9.50 யூரோ, முத்திரையிட்டதிலிருந்து 75 நிமிடம் செல்லும். ஒருநாள் பாஸ் 25 யூரோ. இரண்டு முறை ஏறினால் 19 யூரோதான், மூன்றாவது முறை ஏறுவதாக இருந்தால் பாஸே லாபம். ஏறும் ஒவ்வொரு முறையும் படகுத்துறையில் உள்ள கருவியில் டிக்கெட்டைக் காட்டிப் 'பீப்' ஒலி கேட்ட பிறகே ஏறுங்கள்.

பெருங்கால்வாய் வழியாகப் போகும் படகுகள் 1, 2. ஒன்றாம் எண் எல்லாத் துறையிலும் நிற்கும், நிலையத்திலிருந்து சான் மார்க்கோவுக்கு முக்கால் மணி நேரம். இரண்டாம் எண் சில துறைகளில் மட்டும் நிற்பதால் விரைவு. எந்தப் பக்கம் போகிறது என்று படகுக்காரரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், ஒரே எண் இரு திசையிலும் வரும்.

கொந்தோலா என்ற துடுப்புப் படகுக்கு மாநகராட்சி விலை உண்டு. பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. இது ஆளுக்கு இல்லை, படகுக்கு. ஐந்து பேர்வரை ஏறலாம். பாட்டு வேண்டும் என்றால் தனிக் காசு. ஏறும் முன் எத்தனை நிமிடம், எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். அனுபவித்தால் போதும், அரை மணி நேரம் வேண்டாம் என்பவர்களுக்குத் 'திராகெத்தோ' என்று ஒன்று இருக்கிறது. கால்வாயைக் குறுக்கே கடக்க மட்டும் விடும் கொந்தோலா, பயணிகளுக்கு 2 யூரோ, சில்லறையாகக் கொடுங்கள்.

முரானோ கண்ணாடிப் பட்டறைக்கு இலவசப் படகு என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். கொண்டுபோய் விற்பனைக் கூடத்தில் விட்டு, வாங்கும்வரை விடாமல் பேசுவார்கள். ஒரே நாளில் முரானோ, புரானோ தீவுகளைச் சேர்ப்பதையே நான் ஆதரிக்கமாட்டேன். புரானோவுக்குப் போகவே வடகரைத் துறையிலிருந்து முக்கால் மணி நேரம்.

9. அந்த நாளின் நேரக் கணக்கு

மிலானிலிருந்து காலை 7.30-க்குள் கிளம்பும் ரயில் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிவாக்கில் சாந்தா லூச்சியா. கழிப்பறை, காபி எல்லாம் நிலையத்திலேயே முடித்துவிடுங்கள். கைடை 10.30-க்கு வரச் சொல்லுங்கள். இந்த அரை மணி நேர இடைவெளியை விடாதீர்கள், ரயில் இருபது நிமிடம் தாமதமாவது சாதாரணம்.

கைடோடு ஒன்றாம் எண் படகில் ஏறி ரியால்டோ மெர்க்காத்தோவில் இறங்குங்கள். மீன் சந்தையும் காய்கறிச் சந்தையும் நண்பகலோடு அடங்கிவிடும், அதனால் இது முதலில். பிறகு ரியால்டோ பாலம், உள்சந்துகள் வழியே நடந்து 12.15-க்கு அரண்மனை. முதியவர்கள் இருந்தால் பாலம் குறைவான வழியில் அழைத்துப் போகும்படி கைடிடம் முன்பே சொல்லுங்கள். ஊரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள். 1.30 மணியளவில் கைடுக்கு விடைகொடுத்துவிடலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு 3.30-க்குப் பேராலயம். ஐந்து மணிக்குப் படகு ஏறினால் ஆறுக்குள் நிலையம். மாலையில் படகுத்துறையில் வரிசை நீளும், ஒரு படகை விட்டுவிட்டு அடுத்ததில் ஏற நேரலாம். 6.45-ஐ ஒட்டிய ரயில் எடுத்தால் பதற்றம் இருக்காது.

தனியே சுற்றும்போது கைபேசி வரைபடம் குறுகிய சந்துகளில் தடுமாறும். சுவர்களில் மஞ்சள் பலகைகளில் 'பெர் ரியால்டோ', 'பெர் சான் மார்க்கோ', 'அல்லா ஃபெர்ரோவியா' என்று அம்புக்குறியோடு எழுதியிருக்கும். ஃபெர்ரோவியா என்பது ரயில் நிலையம். அதைப் பின்பற்றினால் வழி தவறாது.

10. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை

சான் மார்க்கோ சதுக்கத்து மேசைகளில் உட்கார்ந்தால் காபி விலையோடு இசைக்கென்று தனிக் கட்டணமும் சேரும். அங்கே சாப்பிட வேண்டாம். கிழக்கே கால் மணி நேரம் நடந்தால், அல்லது அர்செனாலே துறையில் இறங்கினால், வியா கரிபால்டி என்ற அகலமான தெரு. உள்ளூர்க்காரர்கள் புழங்கும் இடம், உட்காரவும் வசதி. எந்த உணவகத்திலும் 'கொபெர்த்தோ' (மேசைக் கட்டணம்) என்று ஆளுக்குச் சில யூரோ பில்லில் இருக்கும், அது முறையானதுதான்.

மீன் விரும்பிகள், உணவுப் பட்டியலில் 'எத்தோ' என்ற சொல்லைக் கண்டால், அந்த விலை நூறு கிராமுக்கு என்று புரிந்துகொள்ளுங்கள். முழு மீனுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சைவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. 'பிகோலி இன் சால்சா' என்று பட்டியலில் இருப்பது தக்காளிச் சாஸ் போட்ட பாஸ்தா போலத் தோன்றும். அது வெங்காயத்தோடு நெத்திலி வகை மீனைக் கரைத்துச் செய்வது. ரிசோத்தோ என்ற அரிசி உணவில் காய்கறி மட்டும் தெரிந்தாலும், வெந்தது இறைச்சிச் சாற்றிலாக இருக்கலாம். 'சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷ்ஷே, சென்ட்ஸா ப்ரோதோ' என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், சாறு எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். 'பாஸ்தா அல் பொமொதோரோ' (தக்காளிச் சாஸ் பாஸ்தா) பாதுகாப்பானது. பார்மெசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பதால், கண்டிப்பான சைவர்கள் அதைத் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஊர் முழுக்கக் குடிநீர்க் குழாய்கள் உண்டு, காலிப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டால் தண்ணீருக்குக் காசு வேண்டாம். பொதுக் கழிப்பறைக்கு 1.50 யூரோ. சதுக்கத்துப் படிகளில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் புறாக்களுக்குத் தீனி போடுவதற்கும் அபராதம் உண்டு. பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

11. பொங்கும் தண்ணீரும் வேலைநிறுத்தமும்

அக்டோபர் முதல் ஜனவரிவரை கடல்மட்டம் உயர்ந்து ஊருக்குள் தண்ணீர் வரும் நாட்கள் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து 'மோசே' தடுப்பணைகள் இயங்குவதால் பெரிய வெள்ளம் தடுக்கப்படுகிறது. ஆனால் பொதுவாக 110 சென்டிமீட்டர் அளவுக்கு எதிர்பார்க்கும்போதுதான் அவற்றை உயர்த்துவார்கள். சான் மார்க்கோ சதுக்கமோ தாழ்வான பகுதி, அதற்கு முன்பே நனையும். மாநகராட்சியின் கடல்மட்ட முன்னறிவிப்பை முந்தைய நாள் பாருங்கள், கைடிடமும் கேளுங்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிடும், பயணத்தை ரத்து செய்யத் தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும்.

வேலைநிறுத்தத்தை இத்தாலியில் 'ஷோப்பெரோ' என்பார்கள். முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்வார்கள், போக்குவரத்து அமைச்சகத் தளத்தில் பட்டியல் இருக்கும். ஒரு வாரம் முன்பும் முந்தைய நாளும் பாருங்கள். ரயில் வேலைநிறுத்தத்திலும் வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்கள் ஓடும். அதிவேக ரயில்களில் எவை ஓடும் என்பதற்கும் தனிப் பட்டியல் வெளியிடுவார்கள். படகுகளுக்கு வேலைநிறுத்தம் தனியாக வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

12. மொத்தச் செலவு

இரண்டு பெரியவர்கள், 65 தாண்டிய இரண்டு பேர், மிலானிலிருந்து: ரயில் 240 யூரோ. கைடு மூன்று மணி நேரத்துக்கு 300. அரண்மனை 80, பேராலயம் 40. படகுப் பாஸ் 100. நுழைவுக் கட்டண நாளாக இருந்தால் 20. சாப்பாடு 100. ஆக 860 முதல் 880 யூரோ. கொந்தோலா ஏறினால் இன்னும் 90.

கைடுக்குப் பணம் எப்படித் தர வேண்டும் என்று முன்பே கேளுங்கள். சிலர் முன்பணமாக வங்கிப் பரிமாற்றம் கேட்பார்கள், இந்தியாவிலிருந்து அனுப்பினால் வங்கிக் கட்டணம் கூடும். அன்றே நேரில் தருவதாகப் பேசிக்கொள்வது எளிது. ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. எங்கள் கைடு என் அப்பாவை ஒவ்வொரு பாலத்திலும் கைபிடித்து ஏற்றிவிட்டார், நாங்கள் மனமுவந்து கொடுத்தோம்.

13. கிளம்பும் முன் இரவு

பாஸ்போர்ட் அசல், விசாப் பக்கத்தின் நகல், காப்பீட்டுத் தாள், நுழைவுக் கட்டணக் கோடு, ரயில் டிக்கெட், அரண்மனை மற்றும் பேராலய டிக்கெட், கைடின் எண். எல்லாவற்றையும் கைபேசியில் ஒரே கோப்பில் போட்டு, இணையம் இல்லாமல் திறக்கிறதா என்று பாருங்கள். பெரிய பெட்டிகளை மிலான் அறையிலேயே விட்டுவிடுங்கள். முதியவர்களின் மாத்திரைகளை இரவு வேளைக்கும் சேர்த்து எடுங்கள், ரயில் தாமதமானால் தேவைப்படும். கைடுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி ரயில் எண்ணைச் சொல்லிவிடுங்கள். தாமதமானால் அவரே பார்த்துத் தெரிந்துகொள்வார். அவசர உதவிக்கு இத்தாலி எங்கும் 112.